எறும்பு நடக்கிற வேகம்

அசையக் கூடாது, அவ்வளவுதான். இது ஒன்றும் தவமில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற வேலை, முதுகு வலிக்கும், வலிக்கட்டும். லேசர் நிலையாக இருக்கிறது, அணு மேகம் பிடிபட்டிருக்கிறது, நாலு மணிக்கு மாடியில் பெட்டியைத் திறக்கிறார்கள், அதற்குள் எனக்கு இந்த ஒரு புள்ளி வேண்டும். வலப்பக்கப் புள்ளி. இதை எடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மதியம் சாப்பிடும்போது செங்குட்டுவன் சார் தயிர்சாத டப்பாவை வழித்துக்கொண்டே, "இனிமே அளக்கறதுக்கு ஒண்ணுமில்லம்மா இசக்கி, நாலு மணி வரைக்கும் லேசர் படுத்துடாமப் பாத்துக்கோ, வர்றவங்க கீழ வந்து ஒரு பார்வை பாக்கணும்பாங்க" என்றார். அவர்தான் இந்த ஆய்வகத்தின் தலைவர். நானும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு இந்தப் பாதாள அறைக்கு இறங்கி வந்தேன், கருப்புத் திரையை இழுத்து மூடினேன், மேசைமேல் இருக்கிற புரட்டுக் கண்ணாடியைப் புரட்டி, எப்போதும் இடப்பக்கமிருந்து மேகத்துக்குள் போகிற ஒளியை வலப்பக்கமிருந்து விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்தால் யாருடைய கொண்டாட்டத்தையும் கெடுக்காமல் நானும் போய் ஜாங்கிரி தின்னலாம் என்பது கணக்கு. ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இருக்கும். இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது, அது என் குரல்தான், அதற்கு இப்போது பதில் சொல்வதாக இல்லை. இந்த லேசருக்குச் சத்தம் ஆகாது. யாராவது கதவை அறைந்து சாத்தினால் போச்சு, துடிப்பு நின்று வெறும் வெளிச்சமாகிவிடும், மறுபடி ஒரு கண்ணாடியை விரலால் தட்டித் தட்டி எழுப்ப வேண்டும். அதனால் இங்கே தும்முவதற்குக்கூட வெளியே ஓடுவோம். இருமல் வந்தால் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொள்வேன், பழகிவிட்டது.

அம்மாவுக்கு ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் கோடிப் பங்காக்கினால் ஒரு துணுக்கு வரும் இல்லையா, அப்படிப் பத்துத் துணுக்கு சேர்ந்தால் எங்கள் லேசரின் ஒரு துடிப்பு. அவ்வளவு குட்டித் துடிப்புகள் தாளம் தப்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால், அந்த ஒளிக்குள் சம இடைவெளியில் லட்சக்கணக்கான மெல்லிய நிறக்கோடுகள் நிற்கும். சீப்பின் பற்கள் மாதிரி. உலகம் முழுக்க அதற்குச் சீப்பு என்றுதான் பெயர். அணு ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே ஓர் அதிர்வெண் உண்டு, நாங்கள் அளக்கிற ரூபிடியம் என்றால் அம்பாசமுத்திரத்திலும் ஒன்றுதான், அமெரிக்காவிலும் ஒன்றுதான். ஏதாவது ஒரு பல் அதைச் சரியாகத் தொட்டால் அணு நீலமாக மினுக்கும். பல்லின் அதிர்வெண் நமக்குத் தெரியும், ஆக அணுவின் அதிர்வெண்ணும் தெரிந்துவிடும், கடைசி இலக்கம் வரை. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா, "ஏட்டி, சீப்ப வச்சுகிட்டா அளக்கிய? ஒந் தலைய மொதல்ல இன்னைக்குச் சீவுனியா?" என்றாள். சீவவில்லைதான். அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இன்று மாடியில் போட்டோ எடுப்பார்கள், இந்தத் தலையோடுதான் நிற்கப்போகிறேன். அம்மாவுக்குப் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். பெட்டி என்றால் பெட்டி இல்லை, பேச்சுக்குச் சொல்வது. ஆரம்பத்திலேயே கணினி தனக்குள் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, நாங்கள் அளப்பது எல்லாவற்றோடும் அதைக் கூட்டித்தான் எங்களுக்குக் காட்டுகிறது. அது என்ன எண் என்று எங்கள் மூவருக்குமே தெரியாது. ஏனென்றால் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று சில வருடம் முன்னால் சொன்ன விடை எங்களுக்குத் தெரியும். விடை தெரிந்தால் மனசு அந்தப் பக்கமே சாயும். ஒத்துவராத நாளில் குறை தேடுவோம், ஒத்துவந்த நாளில் காலை நீட்டிப் படுப்போம். அதனால் கண்ணைக் கட்டிக்கொண்டு அளப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எல்லாம் முடிந்து, இனி மாற்ற ஒன்றுமில்லை என்று மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்லி, அவரவர் கடவுச்சொல்லை அடித்தால்தான் அந்த மறைந்த எண் கழன்று உண்மையான எண் வெளியே வரும். வந்தபிறகு ஓர் இலக்கத்தைக்கூடத் தொடக் கூடாது. மூன்று பேர் என்றால் சார், ஆய்வு மாணவன் இலியாஸ், நான். அம்மா இதற்கு மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல ஏற்பாடுதான்" என்றாள்.

திரையில் இரண்டு புள்ளிகள். இடப்பக்கப் புள்ளி பழையது, மாதக்கணக்காக எடுத்தது, அதன் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற பிழைக்கோடு சின்னது. நாங்கள் அதை மீசை என்போம். வலப்பக்கப் புள்ளி இப்போது பிறந்தது, மீசை பாதித் திரைக்குப் போகிறது, நேரம் ஆக ஆகச் சுருங்கும். மறைந்த எண் இரண்டிலும் ஒரேமாதிரி ஏறியிருப்பதால் விடை தெரியாமலே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் மேகம் நிற்கிறது என்று பொருள். மேகம் என்றால் கடுகளவு ரூபிடியம், ஆறு பக்கமும் லேசர் விட்டு நெருக்கி, இதற்குமேல் குளிர முடியாது என்கிற பூஜ்யத்துக்கு மயிரிழை மேலே குளிரவைத்த அணுக்கள். பிடித்திருக்கிற லேசர்களை அணைத்ததும் அந்தக் கடுகு கீழே விழத் தொடங்கும், விழுகிற அந்தக் கண நேரத்தில்தான் அளப்போம். விழுவதில் குற்றமில்லை, படுக்கைவாட்டில் வருகிற சீப்பு ஒளிக்குக் கீழே விழுவது தெரியாது. பக்கவாட்டில் நகர்ந்தால் தெரியும். எதிரே வருகிற ரயிலின் ஹாரன் சத்தம் கூர்மையாகவும் தாண்டிப் போகிற ரயிலின் சத்தம் மொண்ணையாகவும் கேட்கிறதே, அதே கதை. ஓர் எறும்பு நடக்கிற வேகத்தில் நகர்ந்தால் போதும், எங்கள் எண்ணின் கடைசி இலக்கங்கள் பொய். நாங்கள் எழுதிவைத்திருக்கிற கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது, விடுவிக்கும் கணத்தில் மேகம் ஓய்வில் இருக்கிறது என்று. எத்தனை முறை படித்திருப்பேன். இன்று காலை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அந்த வரி வந்து தொண்டையில் முள்ளாக நின்றது. நீளமான நேர்ச் சாலை, தூரத்தில் பஸ் தெரிகிறது, வருகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் "வருது வருது" என்கிறாள், அவள் மகள் "இல்லம்மா, நின்னுக்கிட்டிருக்கு" என்கிறாள். நேராக நம்மை நோக்கி வருகிற எதுவும் நிற்கிற மாதிரித்தான் தெரியும். மேகத்தைப் படம் பிடிக்கிற எங்கள் கேமரா எங்கே இருக்கிறது. சீப்பு ஒளி போகிற திசையிலேயே பார்த்துக்கொண்டு இருக்கிறது. மேகம் அந்தத் திசையில் நடந்தால் கேமராவுக்கு எப்படித் தெரியும். பஸ் வந்து, ஏறி, டிக்கெட் வாங்கி, இறங்கி, செக்யூரிட்டிக்கு வணக்கம் சொல்லி, எல்லாம் செய்தேன், ஆனால் நான் அந்தச் சாலையிலேயே நிற்கிறேன், வருகிறதா, நிற்கிறதா.

கொசு. பாதாள அறைக்கும் வந்துவிட்டது, கணுக்காலில் உட்கார்ந்திருக்கிறது. குடி, நன்றாகக் குடி, அடிக்க மாட்டேன். அடித்தால் சத்தம். ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் அளந்தோமே என்கிறது மனசு, அளந்தோம், முதல் மாதத்தில், இரண்டு புள்ளியும் அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, அதை நம்பித்தான் அந்த வரியே எழுதினோம். அதற்குப் பிறகு தினமும் காலையில் என்ன செய்தோம். முதலில் வருகிறவர் விளக்கைப் போடுவார், பம்பைப் பார்ப்பார், பிறகு டீ குடிக்கும் முன்னால் அந்த ஆறு லேசரின் கண்ணாடித் திருகுகளைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருகி, திரையில் மேகத்தைப் பளிச்சென்று ஆக்குவார். இது இந்த ஆய்வகத்தின் பழக்கம், சார் அவருடைய சாரிடம் கற்றது, நாங்கள் சாரிடம் கற்றது. யாருக்குக் கை ராசி என்றுகூடப் போட்டி உண்டு. இலியாஸ் திருகினால் மேகம் சும்மா தகதகவென்று இருக்கும், அவன் வந்த நாள்களில் நாங்கள் நிம்மதியாக டீ குடிப்போம். பளிச்சென்று இருப்பதும் அசையாமல் இருப்பதும் ஒன்று என்று யார் சொன்னார்கள். ஒரு பக்க லேசர் கொஞ்சம் ஓங்கி விழுந்தாலும் மேகம் பிரகாசமாக இருக்கலாம், அணைத்ததும் அந்த ஓங்கிய கை தள்ளிய பக்கமாக நடக்கவும் தொடங்கலாம். சீப்பு ஒளி தள்ளுகிற தள்ளலைக் கணக்குப் போட்டுக் கழித்தோம், காந்தப்புலத்தைக் கழித்தோம், அறை வெப்பத்தைக்கூடக் கழித்தோம். காலையில் ஆசையாகத் தடவிக்கொடுத்த கையைக் கழிக்க யாருக்கும் தோன்றவில்லை. அக்கறையில் செய்த காரியத்தை யார் சந்தேகப்படுவார்கள். கொசு போய்விட்டது. அரிக்கிறது. அரிக்கட்டும்.

திங்கட்கிழமை திருச்சி. அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன், வந்துவிட்டது, வா. நேர்முகத்தேர்வு, நிரந்தர வேலை, விண்ணப்ப வயது வரம்பில் எனக்கு இதுதான் கடைசி வருடம். இங்கே என் ஒப்பந்தம் மார்ச்சோடு சரி. நீங்கள் என்ன அளந்தீர்கள் என்று கேட்பார்கள், நேராகக் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு இன்று நாலு மணிக்குப் பிறந்த எண் ஒன்றை எடுத்து வைத்தால் மேற்கொண்டு பேச்சில்லை. மற்றவர்கள் ஐந்தாறு கட்டுரையோடு வருவார்கள், எனக்கு இந்த ஒன்றுதான், எல்லா வருடத்தையும் இதில்தான் போட்டேன். எண் இல்லாமல் போனால் என்ன சொல்வேன், அளந்துகொண்டிருக்கிறோம் என்றா, அதைத்தானே போன வருடமும் ஒரு தேர்வில் சொன்னேன், அவர்கள் சிரித்த முகத்தோடு தண்ணீர் கொடுத்து அனுப்பினார்களே. ஊருக்குத் திரும்பினால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம். ஒன்றும் சொல்லாமல் சுடுசோறு போடுவாள். பயமாகத்தான் இருக்கிறது.  இலியாஸுக்கு என்னைவிட அவசரம். ஆய்வேடு முடிந்துவிட்டது, கடைசி அத்தியாயத்தில் எண்ணுக்கான இடம் மட்டும் காலி, வெளிநாட்டில் வேலை காத்திருக்கிறது. அவன் அத்தா, அப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், பரமக்குடியிலிருந்து காலையிலேயே வந்திறங்கிவிட்டார், வெள்ளைச் சட்டை கசங்காமல் மாடியில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "நீங்க தானம்மா இசக்கி? தம்பி போன்ல ஒங்க பேரத்தான் சொல்லும்" என்றார். ஒரு பெரிய மனிதர் எனக்காக எழுந்து நின்றது சங்கடமாக இருந்தது, உட்காருங்க உட்காருங்க என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். ஓடி வந்து இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

மீசை சுருங்குகிறது. புள்ளி முதலில் மேலே நின்றது, நன்றாகவே மேலே, அப்போது என் காது இரண்டும் சூடாகிவிட்டது, நான் நினைத்தது சரி, எல்லாம் போச்சு, சரியாக இருந்ததில் ஒரு அற்ப சந்தோஷமும் கூடவே வந்தது, அந்தச் சந்தோஷத்தை உதைக்கலாம் போலிருந்தது. இப்போது கீழே இறங்குகிறது. இறங்கு. இன்னும் கொஞ்சம். புள்ளியிடம் கெஞ்சுகிறேனா, கெஞ்சுகிறேன். எண் எடுக்கும்போது ஆசைப்படக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுப்பேன். இடப்பக்க மீசையின் மேல் நுனியை வலப்பக்க மீசையின் கீழ் நுனி தொட்டுவிட்டது. தாண்டியும்விட்டது. புள்ளிகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். நிற்கிறது. மேகம் நிற்கிறது. ஓ, நெஞ்சில் என்னமாய் ஒரு காற்று வந்து போகிறது, கத்த வேண்டும் போலிருக்கிறது, கத்தக் கூடாது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன், தோள் குலுங்குகிறது, குலுங்காதே, அசையாதே. திங்கட்கிழமை அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொள்ளலாம். இலியாஸின் அத்தா ஜாங்கிரி சாப்பிடலாம். கண்ணாடியை மறுபடி இடப்பக்கம் புரட்டிவிட்டு மாடிக்குப் போனால் இப்படி ஒன்றை நான் எடுத்தேன் என்றே யாருக்கும் தெரிய வேண்டாம். எழுந்திரு இசக்கி. ஏன் எழுந்திருக்கவில்லை.

ஏன் எழுந்திருக்கவில்லை என்றால் இன்று காலை திருகியது இலியாஸ். நான் வரும்போது அவன் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே, "கடைசித் தடவக்கா, நானே பண்றேன்" என்று திருகிக்கொண்டிருந்தான். ஆக இப்போது திரையில் நிற்பது இன்றைய மேகம். இலியாஸ் இன்று காலை தடவிக்கொடுத்த மேகம். நேற்றைய மேகம் இல்லை. போன மாதம் நான் திருகிய மேகம் இல்லை. ஆடி மாதம் ஏசி கெட்டுப்போய் அறை புழுங்கியபோது சார் வியர்க்க வியர்க்கத் திருகினாரே, அந்த மேகம் இல்லை. அவை எல்லாம் விழுந்து போய்விட்டன, ஒவ்வொன்றும் கண நேரம் இருந்து கலைந்துவிட்டது, ஒன்றையும் திருப்பிக் கூப்பிட்டு நீ நின்றாயா நடந்தாயா என்று கேட்க முடியாது. எங்கள் எண் அவற்றால் ஆனது. இந்தப் புள்ளியால் ஆனது இல்லை. இந்தப் புள்ளி மேலே போனாலும் கீழே வந்தாலும் எனக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான், இன்று மதியம் எப்படி இருந்தது என்று. அது தெரிந்துதானே இறங்கி வந்தேன். பஸ் ஸ்டாப்பிலேயே தெரியாதா எனக்கு. தெரியும். பிறகு எதற்கு இந்த ஓட்டம், எதற்கு இந்த ஸ்டூல். யாராவது எனக்குப் பதிலாகச் சொல்லட்டும் என்று வந்திருக்கிறேன், ஒரு புள்ளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வந்திருக்கிறேன். தப்பாக வந்திருந்தால் புள்ளியைக் காட்டி நிறுத்தச் சொல்லலாம், சரியாக வந்தால் வாயை மூடிக்கொள்ளலாம், எப்படியும் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதெல்லாம் இல்லை, சொல்ல வேண்டும்.  மூன்று கடவுச்சொல்லில் ஒன்று என் கையில் இருக்கிறது, எண்ணை ஆளுக்கு ஒரு தரம் சந்தேகப்படத்தான் மூவரிடமும் கொடுத்தார்கள், போட்டோவுக்கு நிற்க அல்ல. வேலை போனால் போகட்டும் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. போகக் கூடாது, எனக்கு அந்த வேலை வேண்டும், திருச்சி வேண்டும், சம்பளம் வேண்டும், அம்மாவை அழைத்துவந்து வைத்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். எல்லாம் வேண்டும், ஆனாலும் கடவுச்சொல்லை அடிக்க மாட்டேன்.

கதவு. இலியாஸ் அதைத் திறந்தான், மெதுவாகத்தான் திறந்தான், பாவம், பின்னாலேயே தாழ்வாரத்துக் காற்று வந்து அவன் கையிலிருந்து பிடுங்கி அறைந்து சாத்தியது. லேசர் விழுந்தது. "ஐயோ, சாரிக்கா, சாரி" என்றான், புதுச் சட்டை, தலைக்கு எண்ணெய். "எல்லாரும் வந்துட்டாங்க, சார் கூப்பிடுறாரு." பிறகு திரையைப் பார்த்தான். இரண்டு புள்ளிகள். மேசைமேல் புரட்டிய கண்ணாடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை, நல்ல பையன் மட்டும் இல்லை, நல்ல ஆய்வாளன், முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது அந்த மங்கல் வெளிச்சத்திலும் தெரிந்தது. "காலைல கண்ணாடி திருகுறதா" என்றான். நான் தலையாட்டினேன். கிட்ட வந்து திரையில் விரலை வைத்து மீசைகளைத் தொட்டுப் பார்த்தான். "ஒத்துப்போகுதேக்கா! பாருங்க, ஒண்ணாத்தானே இருக்கு, நிக்குதுல்ல." "இன்னிக்கு நிக்குது" என்றேன். அவன் திரையிலிருந்து விரலை எடுத்தான்.  "எங்கத்தா மேல உக்காந்திருக்காருக்கா" என்றான், குரல் உடைந்துவிட்டது, என்னிடம் சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தெரியும்டா என்று சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை. அவன் முன்னால் போனான், நான் பின்னால், படிக்கட்டில் அவன் தோள் ஏறி ஏறி இறங்கியது, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன், சொல், சொல்லாதே, சொல், என்று படி எல்லாம் பேசியது.

மாடியில் டியூப்லைட் வெளிச்சத்தில் கண் கூசியது. இருபது முப்பது பேர், பக்கத்து ஆய்வகத்துப் பிள்ளைகள், அலுவலகத்து ஆள்கள், ஜாங்கிரித் தட்டு, நாற்காலி நுனியில் வெள்ளைச் சட்டை. சார் கணினி முன்னால் நின்று பெண் வீட்டார் மாதிரி எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார், இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும், அதைச் சொல்லியாக வேண்டும், சம்பளம் வராத மாதங்களில் எங்களுக்குத் தன் வீட்டில் சாப்பாடு போட்டவர். "இனி மாத்த ஒண்ணுமில்ல" என்று உரக்கச் சொல்லித் தன் கடவுச்சொல்லை அடித்தார், கைதட்டினார்கள். இலியாஸைக் கூப்பிட்டார். இலியாஸ் கணினிக்குப் பக்கத்தில் போய் விசைகள்மேல் கையை வைத்தான், அவன் அத்தாவைப் பார்த்தான், பிறகு கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். "அக்கா மொதல்ல சொல்லட்டும் சார்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். கண்ணாடித் திருகு, பளிச்சென்ற மேகம், கேமரா பார்க்கிற திசை, எடுத்த புள்ளி, அது ஒத்துப்போனது, ஒத்துப்போனாலும் போதாது என்பது, எல்லாம் சொன்னேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியாது. சார் முகம் மாறவில்லை, கண் மட்டும் சுருங்கியது, கணக்குப் போடுகிறார். கிட்ட வந்து மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "திங்கக்கிழமை ஒனக்குத் திருச்சி இருக்கும்மா" என்றார். "தெரியும் சார்." "சரி, ஒண்ணு பண்ணுவோம். தொறந்து பாத்துடுவோம். அந்த வெளிநாட்டு எண்ணோட ஒத்துப்போச்சுன்னா மேகம் நின்னுதுன்னுதானே அர்த்தம்? ஒத்துப்போகலன்னா நீ சொல்ற மாதிரி மறுபடி அளப்போம்." எவ்வளவு நியாயமாக இருந்தது. எவ்வளவு அன்பாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது, இரண்டையும் சேர்த்து விழுங்கினேன். "அப்போ இத்தன நாள் எதுக்கு சார் மூடி வச்சோம்?" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.  சார் திரும்பிக் கணினியில் தன் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், "எத்தன மாசம் ஆகும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் இலியாஸ் சொன்னான், கண் சிவந்திருந்தது, அவன் அத்தாவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. "நாலு மாசம் சார். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. நான் இருக்கேன்." அந்த 'இருக்கேன்' கேட்டதும் எனக்குக் காலில் தெம்பு வந்தது, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. யாரோ ஜாங்கிரித் தட்டை மூடினார்கள். திங்கட்கிழமை திருச்சிக்குப் போவேன். என்ன அளந்தீர்கள் என்று கேட்பார்கள். இன்னும் எண் இல்லை என்பேன், ஏன் இல்லை என்றும் சொல்வேன், அதைச் சொல்லும்போது தலையைக் குனிய மாட்டேன்.